மச்சானுக்கு ஒரு ரன்

பந்தை அடித்த பையன் வலது பக்கம் ஓடவேண்டியவன், இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

அம்பயர் கோதண்டராமன் முகத்தில் மாட்டியிருந்த கம்பிக்கூண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை. பையன் மூன்றாவது பேஸை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான். அங்கே காவலுக்கு நின்ற எதிரணிப் பையன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

"டேய் செழியா! எங்கடா போற?"

"மூணாவது பேஸுக்கு சார்."

"மொதல் பேஸுக்குடா! அப்புறம் ரெண்டு, அப்புறம்தான் மூணு."

"அந்தப் பக்கமா போனா எடமா சுத்துற மாதிரி ஆவும் சார். எதுவா இருந்தாலும் வலமாத்தான் சுத்தணும்னு எங்கம்மா சொல்லிக்கீறாங்க."

பேஸ்பால் ஆட்டம் அப்படி ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. நாலு மூலை. வீசுகிற பந்தை அடித்துவிட்டு, மூன்று மூலையையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். கால் தேயச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிய சங்கதி அல்ல, பௌர்ணமிக்குப் பௌர்ணமி செய்வதுதான். ஆனால் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த அமெரிக்கக்காரன் எவனோ கிரிவலம் வந்து பழக்கமில்லாதவன். இடமாகச் சுற்றச் சொல்லிவிட்டான்.

"அவுட்!" என்று கட்டைவிரலைத் தூக்கினார் கோதண்டராமன்.

வேங்கிக்கால் மின்னல் அணியின் பயிற்சியாளர் ராமதாஸ் ஓடிவந்தார். தன் பையனை அவுட் கொடுத்ததற்குச் சண்டைக்கு வருகிறார் என்று கோதண்டராமன் இரண்டடி பின்வாங்கினார்.

"சூப்பர் சார்! என்னா தீர்ப்பு! கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கினு பாக்குறீங்க சார்!"

கோதண்டராமனுக்கு முகம் சிவந்தது. இந்த ஜில்லாவில் பாராட்டுக்கும் நக்கலுக்கும் ஒரே முகம்தான். வந்த இந்த ஆறு மாதத்தில் அவரால் இரண்டையும் பிரித்தறிய முடிந்ததே இல்லை.

அவருக்குச் சொந்த ஊர் அரக்கோணம். ஜூன் மாதம் மாற்றலாகி வந்த உடற்பயிற்சி ஆசிரியர். செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற சந்து ஒன்றில் வாடகை அறை. பூப்பந்தில் புலி, பேஸ்பாலில் பூனைகூட இல்லை. ஆனாலும் மாவட்ட பேஸ்பால் சங்கச் செயலாளர் சுப்பிரமணி அவரை விடவில்லை.

"நீங்கதான் சார் வேலூர்ல பேஸ்பால் கேம்ப் போய் வந்தவரு. உங்கள வுட்டா யாரு?"

வேலூர் முகாம் மூன்று நாள் நடந்தது. முதல் நாள் பெயர்ப்பதிவு. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் குரூப் போட்டோ. நடுவில் மழை சற்று விட்டிருந்த நேரத்தில் ஒரே ஒரு சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பெயர் 'பாக்'. பந்து வீசுகிறவன் வீசப்போவதுபோல ஆரம்பித்துவிட்டு வீசாமல் நின்றால் குற்றம். அந்தக் குற்றத்துக்காக, பேஸ்களில் நிற்கும் எதிரணிப் பையன்கள் எல்லாரும் ஓடாமலே ஒரு மூலை முன்னேறலாம். அந்தச் சட்டத்தை மட்டும் கோதண்டராமன் பத்திரமாக வைத்திருந்தார்.

ஊரில் பேஸ்பால் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கத்தான் செய்தார். கோதண்டராமனின் பக்கத்து அறை அமெரிக்கர். ஆனால் அவர் ஆசிரமத்துக்கு வந்தவர், மாதக்கணக்காக மௌனவிரதத்தில் இருந்தார். பேசாத மனிதரை அம்பயராகப் போட முடியாது என்பதால் சிறப்பு விருந்தினராகப் போட்டு, வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் இருந்தும் கோதண்டராமன் வரமாட்டேன் என்று சொல்லியிருப்பார். சொல்லாததற்குக் காரணம் கீழ்பென்னாத்தூரில் இருந்தது. அதன் பெயர் மதிவதனி.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பெண் பார்த்துவிட்டு வந்தார். கேசரி, பஜ்ஜி, மதிவதனி, மூன்றுமே அவருக்குப் பிடித்துப்போயின. "காபில சக்கரை கம்மியாங்க?" என்று அவள் கேட்டபோது, சர்க்கரையே இல்லாத காபியைக் குடித்தபடி, "ஜாஸ்திங்க" என்று சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்து மனிதர் இன்னும் மீளவில்லை. முப்பத்து மூன்று வயதுவரை வரன் எல்லாம் தட்டிக்கொண்டே போனவருக்கு இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அரக்கோணத்தில் அம்மா வேண்டாத தெய்வமில்லை.

மதிவதனியின் அப்பா கண்ணாயிரம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருப்பவர். கீழ்பென்னாத்தூர் விடிவெள்ளி பேஸ்பால் குழுவின் தலைவரும் அவரே. அவருடைய ஒரே பையன் இனியன்தான் அந்தக் குழுவின் கேப்டன். கிளம்பும்போது கண்ணாயிரம் பையனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எங்களுக்கு முழுத் திருப்தி தம்பி. ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்குதே, அது முடியட்டும். ரிசல்ட்டு தெரிஞ்சதும் தேதி சொல்றேன். இவன் இல்லாம எங்க ஊட்ல ஒரு நல்லது நடக்காது, பாத்துக்குங்க."

அந்தப் 'பாத்துக்குங்க' கோதண்டராமனை வாரம் முழுக்கத் தூங்கவிடவில்லை. பெண்ணைக் கொடுக்கிற மனிதர் இதற்குமேல் எப்படி வாயைத் திறந்து கேட்பார்? மாப்பிள்ளையிடம் சீர் கேட்கிற முதல் மாமனார் இவராகத்தான் இருக்க வேண்டும். அதுவும் பாத்திரம் பண்டம் கேட்கவில்லை, ஒரு கோப்பை கேட்கிறார்.

கோதண்டராமன் மனசாட்சி உள்ளவர். ஆகவே ஒரு முடிவுக்கு வந்தார். தெளிவாகத் தெரிகிற விஷயத்தில் நியாயமாக நடப்பது. சந்தேகம் வந்தால் மட்டும் மச்சான் பக்கம் சாய்வது. இதில் ஒரே சிக்கல், மைதானத்தில் நடந்தது எல்லாமே சந்தேகமாக இருந்தது.

மைதானமும் அன்று ஒரு தினுசாகத்தான் இருந்தது. கார்த்திகை தீபத்துக்குத் தற்காலிக பஸ் ஸ்டாண்டு போடுவதற்காக ஓரமெல்லாம் மூங்கில் நட்டுச் சாரம் கட்டியிருந்தார்கள். காலையில் சுப்பிரமணி மைக்கைத் தட்டி, "இன்று வெற்றி பெறும் அணி அடுத்த மாதம் தூத்துக்குடியில் நடைபெறும் மாநிலப் போட்டிக்குச் செல்லும்!" என்று அறிவித்து, தேதிகளையும் வாசித்தபோது ஒரு பையன்கூடக் கைதட்டவில்லை. மைக் சரியில்லை என்று கோதண்டராமன் நினைத்துக்கொண்டார். தூத்துக்குடி, கடல், மக்ரூன். பையன்களுக்குக் கசக்கவா செய்யும்?

செழியனுக்கு அவுட் கொடுத்தாயிற்று. எதிரணிக்கு அடி, மச்சான் அணிக்கு லாபம். கோதண்டராமன் ஓரக்கண்ணால் கண்ணாயிரத்தைப் பார்த்தார். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த கண்ணாயிரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வெயில் ஜாஸ்தி, பாவம்.

செழியன் மூன்றாவது அவுட் என்பதால் அணிகள் இடம் மாறின. அடுத்து இனியன் மட்டையோடு வந்தான். இப்போது பந்து வீசியது செழியன். வீசிய பந்து ஒரு கஜம் தள்ளிப் போயிற்று. அதை விட்டுவிட்டால் இனியனுக்கு லாபம். அப்படி நாலு பந்து தள்ளிப்போனால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். ஆனால் இனியன் எம்பிக் குதித்து, போகிற பந்தைத் துரத்திக்கொண்டு மட்டையைச் சுற்றினான். படவில்லை. ஒரு ஸ்ட்ரைக்.

இரண்டாவது பந்து இன்னும் தள்ளிப் போனது. இனியன் அதற்கும் சுற்றினான். இரண்டு ஸ்ட்ரைக். மூன்று ஆனால் அவுட்.

மூன்றாவது பந்து சுண்டல் விற்பவர் பக்கமாகப் போயிற்று. இனியன் அதற்கும் சுற்றினான்.

கோதண்டராமனுக்குக் கண்முன் கேசரி மறைந்தது, பஜ்ஜி மறைந்தது. மூன்றாவதும் மறைவதற்குள் கையை வீசி, "பால்! இது ஸ்ட்ரைக் இல்ல!" என்று கத்தினார்.

"சார், நான் சுத்தினேன் சார்!" என்றான் இனியன்.

"இல்லடா கண்ணு. கொசு ஓட்டின."

"கொசு இல்ல சார். நல்லாவே சுத்தினேன்."

"இங்க அம்பயரு யாரு, நீயா நானா? கொசுன்னா கொசு!"

அதற்குப் பிறகு இனியன் ஓட்டிய கொசுக்களுக்குக் கணக்கில்லை. நாலு பந்து தள்ளிப் போனதும் கோதண்டராமனே அவனை முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தார்.

கண்ணாயிரம் குடையோடு எழுந்து வந்தார்.

"தம்பி, எனக்கு அங்கேர்ந்து பாக்கவே அவன் சுத்தின மாதிரிதான் தெரிஞ்சுது."

கோதண்டராமனுக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் பிடிபடவில்லை. மாமா என்று கூப்பிட உரிமை வரவில்லை. சார் என்றால் ஒரேயடியாகத் தூரமாகிவிடும்.

"வந்துங்க... வெயில் எதிர்ல அடிக்குதுங்க. அப்படித்தாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து லேசாகக் கண்ணடித்தார்.

கண்ணாயிரம் திடுக்கிட்டுப் போய், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

இவ்வளவு பாடுபட்டுப் பேஸில் ஏற்றிவிட்ட இனியன் அங்கே நிற்கவாவது நின்றானா? பேஸை விட்டு இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். எதிரணிப் பையன் வேறு வழியில்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து அவன் முதுகில் பந்தை வைத்தான். அவுட். அண்ணாமலையாரே மாமனாராக வரப்போவதாக இருந்தாலும் அதை மாற்ற முடியாது.

அடுத்து வந்த தருமன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மட்டையைத் தோளில் சாத்தியபடி நின்றான். அவன் அடிக்கவில்லை. பந்து தானாக வந்து மட்டையில் மோதி, மேலே எழும்பி, பஸ் ஸ்டாண்டுச் சாரத்தின் பக்கம் போயிற்று. மூங்கில் உச்சியில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று அதை இரண்டு கையாலும் அழகாகப் பிடித்து, கடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் இடுக்கிக்கொண்டு மரத்துக்குத் தாவியது. காலையிலிருந்து மைதானத்தில் ஒழுங்காகப் பந்தைப் பிடித்தது அது ஒன்றுதான்.

"என்ன தீர்ப்பு சார்?" என்று மைக்கிலேயே கேட்டார் சுப்பிரமணி.

கண்ணாயிரம்தான் முதலில் ஓடிவந்தார். "இதுல இன்னா சார் யோசன? பந்து தரையில விழல. கேட்ச் புடிச்சிட்டுது. எங்க பையன் அவுட்டு!"

தம்பி என்று கூப்பிட்டவர் சாருக்கு மாறிவிட்டதைக் கோதண்டராமன் கவனித்தார்.

அதற்குள் ராமதாஸ் வந்தார். "அது எப்படிங்க? கொரங்கு எங்க டீம்ல இல்லைங்களே? அவுட்டுனா எங்க பேரு கெட்டுப் பூடும். அவங்களுக்கு ஒரு ரன்னு குடுங்க சார்!"

"எங்களுக்கு வாணாம்யா!"

"மண்டிக்காரரே, நியாயம்னா நியாயம். உங்க ரன்ன நாங்க எப்படி குடுக்காம வுடுவோம்?"

கோதண்டராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு பெருந்தன்மையை அவர் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. அரக்கோணத்தில் ஒரு கேரம் ஆட்டத்தில்கூட மண்டை உடைந்திருக்கிறது. அப்போதுதான் அவருக்குத் திக்கென்றது. கண்ணாயிரம் தன் நேர்மையைச் சோதிக்கிறாரோ?

யோசித்துப் பார்த்தார். சோதிப்பவர் ரிசல்ட் தெரிந்ததும் தேதி சொல்கிறேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? இல்லை. ஊர் முன்னால் பெரிய மனிதராகக் காட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான். வேண்டாம் வேண்டாம் என்று கை ஆட்டுகிற சம்பந்தியின் இலையில்தான் இன்னொரு கரண்டி போட வேண்டும்.

"ரன்!" என்றார்.

"நோ!" என்று வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

மைதானமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்கர் எழுந்து நின்றுகொண்டு தலையில் கைவைத்திருந்தார். மாதக்கணக்கான மௌனம் கலைந்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. ஆட்டத்தை மறந்து பத்துப் பதினைந்து பேர் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தார்கள். 'நோ' என்றால் என்ன உபதேசம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அமெரிக்கர் அழாத குறையாகக் கிளம்பி ஆசிரமத்துப் பக்கம் நடையைக் கட்டினார்.

விடிவெள்ளி ஒன்று, மின்னல் பூஜ்யம்.

இந்த ஒன்று இனியனுக்கு ஏனோ ஆகவில்லை. பந்து வீச வந்தவன் பையன்களின் தொடையைக் குறிபார்த்து வீச ஆரம்பித்தான். பந்து மேலே பட்டால், பட்டவனுக்கு முதல் பேஸ் இலவசம். முதல் பையனுக்குத் தொடையில் பட்டது. இரண்டாமவனுக்கு இடுப்பில். மூன்றாமவனுக்கு முதுகில். பேஸெல்லாம் நிரம்பி, நாலாவதாகச் செழியனுக்கு முட்டியில் பட்டபோது, மூன்றாவது மூலையில் நின்றவன் தன்னால் தள்ளப்பட்டு உள்ளே வந்து சேர்ந்தான். ஒன்றுக்கு ஒன்று.

கண்ணாயிரம் இத்தனை நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். துக்கத்தில் சிரிக்கிறார் என்று கோதண்டராமனுக்குத் தெரிந்துவிட்டது. இழப்பு வந்தால் அழாமல் சிரித்துக் காட்டுகிறவர்கள் சிலர் இருப்பார்கள்.

பதற்றத்தில் பையன் குறி தவறுகிறான், பாவம். கோதண்டராமன் ஐந்தாவது பையனுக்குப் பந்து பட்டதும் குனிந்து கேட்டார்.

"தம்பி, பட்டுதா?"

"படல சார்" என்றான் அந்தப் பையன். கண்ணில் தண்ணீர் நின்றது. தொடையில் பந்தின் தையல் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"சமத்து!" என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்து, ஸ்ட்ரைக் கொடுத்தார் கோதண்டராமன். அடுத்தடுத்து வந்தவர்களும் நொண்டிக்கொண்டே, "படவே இல்ல சார்" என்று சத்தியம் செய்தார்கள். எல்லாருக்கும் ஸ்ட்ரைக். எல்லாரும் அவுட்.

கண்ணாயிரத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. குடையை மடக்கி ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார்.

"யோவ் அம்பயரு! கண்ணு இருக்குதாயா உனக்கு? புள்ள நொண்டினு போறான், படலன்றியே!"

தம்பி சாராகி, சார் 'யோவ்' ஆகிவிட்டது. காலையில் மாப்பிள்ளையாக வந்தவர் சாயந்தரத்துக்குள் யோவ் ஆகிவிட்டார் என்றால், அது அந்த ஒரு ரன்னை எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததால்தான். கோதண்டராமனுக்கு வேறு காரணம் தோன்றவில்லை. மதிவதனி வேறு யாருக்கோ சர்க்கரை இல்லாத காபி கொடுப்பதை நினைத்துப் பார்த்தார். விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கடைசிச் சுற்று. கீழ்பென்னாத்தூர் மட்டை பிடித்தது. இனியனிடம் கற்ற வித்தையைச் செழியன் இனியனிடமே காட்டினான். முதல் பந்திலேயே இனியனின் விலாவில் ஒன்று. இனியன் முதல் பேஸுக்குப் போனான். அடுத்த இருவருக்கும் ஆளுக்கொன்று. இனியன் தள்ளிக்கொண்டு போய் மூன்றாவது மூலையில் நின்றான். பிறகு வந்த இருவர் செழியன் வீசுவதற்கு முன்பே மட்டையைச் சுற்றிச் சுற்றி அவுட்டாகிவிட்டார்கள். அதில் மட்டும் கோதண்டராமனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் சுற்றியபோது உண்மையிலேயே கொசு இல்லை.

இன்னும் ஒருவன் அவுட்டானால் சுற்று முடிந்துவிடும். அந்த ஒருவன் தருமன். இப்போதே கண்ணை மூடிக்கொண்டு, மட்டையை வலக்கையில் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். கோதண்டராமன் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டார்.

அவர் வேண்டியது வீண்போகவில்லை. பகலெல்லாம் மேகம் மூடிக்கிடந்த மலையுச்சி, அம்பயரின் முதுகுக்குப் பின்னால் மெல்லத் திறந்தது. பந்தை வீச ஒரு காலைத் தூக்கிய செழியன் எதிரில் அதைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம், கை கேட்குமா? தூக்கிய காலை இறக்கி, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பாக்!" என்று அலறினார் கோதண்டராமன்.

வேலூரில் மழைக்கு நடுவில் கற்ற ஒரே சட்டம். அது இவ்வளவு சுத்தமாகத் தன் முன்னால் வந்து நிற்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அன்று அவர் கொடுத்த தீர்ப்புகளிலேயே சரியானது இது ஒன்றுதான்.

"வீசுற மாதிரி வந்துட்டு வீசாம நின்னா குத்தம்! சாமி கும்பிட்டாலும் குத்தம் குத்தம்தான். எல்லாரும் ஒரு பேஸ் முன்னால வரலாம். இனியா, உள்ள வாடா! ஜெயிச்சிட்டடா!"

இனியன் நகரவில்லை. மூன்றாவது பேஸின் மேல் உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

"நான் வர்ல சார்."

"டேய், இதுக்கு ஓடவே வேணாம்டா. நடந்து வந்தாப் போதும்."

"வாணாம் சார். வேற யாருக்காச்சும் குடுங்க சார்."

என்ன தங்கமான பிள்ளை, இந்த வயதில் இவ்வளவு அடக்கம் என்று கோதண்டராமனுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நேராகப் போய் மச்சானை பேஸிலிருந்து பிரித்தெடுத்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, உதைத்த கால்களைப் பொருட்படுத்தாமல் தூக்கிக்கொண்டே வந்து, ஹோம் பிளேட்டின் மேல் அவன் பாதத்தை எடுத்து வைத்தார்.

"ரன்! கீழ்பென்னாத்தூர் வெற்றி!"

மைதானத்தில் வெடிச்சத்தம் கேட்டது. தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த சரத்தைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் தோற்றுப்போன வேங்கிக்கால் பையன்கள். ராமதாஸ் ஓடிவந்து கோதண்டராமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சால்வை இல்லாததால் தன் தோளில் கிடந்த துண்டையே எடுத்துப் போர்த்திவிட்டார்.

"ஜென்மத்துக்கும் உங்கள மறக்க மாட்டோம் சார்!"

நக்கலுக்கும் ஒரு அளவு உண்டு என்று நினைத்துக்கொண்டார் கோதண்டராமன்.

ஜெயித்தவர்கள் பக்கம் வேறு மாதிரி இருந்தது. தருமன் தேம்பிக்கொண்டிருந்தான். சுப்பிரமணி கோப்பையை நீட்டியபோது, இனியன் அதைக் கணக்குப் பரீட்சை விடைத்தாளைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினான். ஆனந்தக் கண்ணீர் என்று கேள்விப்பட்டிருந்த கோதண்டராமன், இத்தனை பேர் ஒன்றாகச் சிந்துவதை இப்போதுதான் பார்த்தார்.

"தூத்துக்குடி செல்லும் வெற்றி அணிக்கு," என்று மைக்கில் தொடர்ந்தார் சுப்பிரமணி, "பாக் உள்ளிட்ட சகல சட்டங்களும் அறிந்த நம்ம கோதண்டராமன் சார் அவர்களையே மேலாளராக அனுப்புவது என்று சங்கம் இந்த நிமிடமே தீர்மானிக்கிறது!"

கோதண்டராமனுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானோடு நாலு நாள் ஒன்றாக இருக்கலாம். திரும்பும்போது மதிவதனிக்கு ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வரலாம்.

கீழ்பென்னாத்தூர் வேன் கிளம்பத் தயாராக நின்றது. முன்சீட்டில் கண்ணாயிரம் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோதண்டராமன் ஓடிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். இப்போது உரிமை வந்துவிட்டது. தைரியமாக அழைத்தார்.

"மாமா!"

கண்ணாயிரம் திரும்பவில்லை.

"ரிசல்ட் தெரிஞ்சிட்டுதுங்க மாமா. தேதி சொல்றேன்னு சொன்னீங்களே..."

கண்ணாயிரம் அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டார்.

வேன் டிரைவர் மண்ணாங்கட்டி, பையன்களை ஏற்றிவிட்டுப் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். உள்ளிருந்து விசும்பல் கேட்டது. கோதண்டராமன் அவரிடம் ஓடினார்.

"என்னங்க இது? ஜெயிச்சதுக்கு எதுக்கு எல்லாரும் அழுவுறாங்க?"

மண்ணாங்கட்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க அரக்கோணம், உங்களுக்கு எங்க தெரியப் போவுது? தூத்துக்குடி மேட்ச்சு தீபத்தன்னிக்கு சார். தீபத்தன்னிக்கு இந்தப் பக்கத்துல எவனாவது புள்ளைய வெளியூருக்கு அனுப்புவானா? அதான் தோத்துடணும்னு ரெண்டு டீமும் காலையிலேர்ந்து அந்தப் பாடு பட்டுது."

கோதண்டராமன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அதுக்காகவா அவரு இவ்வளவு கோவமா இருக்காரு?"

"மொதலாளிக்கு அது மட்டுமில்ல சார். தீபத்துக்கு சொந்தபந்தமெல்லாம் வருவாங்க, கையோட ஊட்ல ஒரு நிச்சயதார்த்தத்த முடிச்சிடலாம்னு ஆசையா இருந்தாரு. இனியன் ஊர்ல இல்லாம எப்படி முடிக்கிறது? வண்டில வர்றப்ப, 'எப்படியாச்சும் தோத்துடுங்கடா'ன்னு பசங்கள கெஞ்சினு வந்தாரு."

"நிச்சயதார்த்தமா? யாருக்கு?"

மண்ணாங்கட்டி ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்:

"உங்களுக்குத்தான் சார்."